பூதக்கண்ணாடிப் பெயர்கள்

எனக்கு ‘சுமோ’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் ஜப்பானை நினைத்து வைக்கவில்லை. பூம்பாறையில் நான் ஏழாவது படித்த காலத்தில் சுமோ என்றால் டாடா சுமோ. கொடைக்கானலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் பஸ் இல்லாத நேரத்தில் அதுதான் ஓடும். உள்ளே பன்னிரண்டு பேர், மேலே பூண்டு மூட்டை, பின்னால் ஏணியைப் பிடித்துத் தொங்கியபடி இரண்டு பையன்கள். அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, நிமிரும். நான் நடப்பது அப்படி இருக்கிறதாம். வகுப்பில் ஒருத்தி சொன்னது மறுநாளே மைதானம் வரைக்கும் போய்விட்டது. உண்மையில் அந்த வண்டிக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமில்லை. சுமந்த் மூல்காவ்கர் என்ற டாடா மோட்டார்ஸ் தலைவரின் பெயரிலிருந்து முதலெழுத்துகளை எடுத்துச் சேர்த்து வைத்த பெயர் அது. இது தெரிந்தபோது ஏனோ எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு மனிதரின் பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

நிஜமான சுமோவை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது 2020 ஜூலையில், 24 வயதில். ஊரடங்குக் காலம். சுற்றுலா வண்டி ஒன்றுகூட மலையேறவில்லை. காய்கறி லாரி மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்குப் போய் வீடியோக்களை இறக்கிக்கொண்டு வந்து, ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் வெளிநாட்டினருக்காக நடத்தும் சேனல், அன்றன்றைய சுமோ ஆட்டங்களை அரைமணி நேரத்துக்குள் சுருக்கி ஆங்கிலத்தில் போடும். பழைய பட்டப்பெயரை ஒருநாள் சும்மா தேடப்போய் அங்கே சிக்கினேன்.

சிக்கியதற்குக் காரணம் ஒரு முழங்கால். இரண்டு முழங்காலிலும் தடித்த கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் மேடையேறினார். 192 சென்டிமீட்டர் உயரம், 170 கிலோவுக்கு மேல் எடை. பெயர் தெருனோஃபுஜி. வர்ணனையாளர் அவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘முன்னாள் ஓசெகி’ என்று சேர்த்தே சொன்னார். ஓசெகி என்பது உச்சியிலிருந்து இரண்டாவது படி. ஆனால் அந்தப் போட்டியில் அவர் இருந்த இடம் முதல் பிரிவின் அடிவாரம், மாயேகஷிரா 17. முன்னாள் என்ற சொல்லையும் அந்தக் கட்டையும் சேர்த்துப் பார்த்ததும் வீடியோவை நிறுத்தத் தோன்றவில்லை. என் வலது முழங்காலிலும் அப்போது ஒரு கட்டு இருந்தது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஒருவர் என் நடையைப் பார்த்துச் சிரிக்காமல், “இவ கார்னர்ல நின்னா தாண்டிப் போக முடியாதுடி” என்று கபடியில் சேர்த்துவிட்டார். வலது கார்னர். வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துவிட்டால் போதும், மிச்சத்தை என் எடை பார்த்துக்கொள்ளும். அந்தக் கணுக்காலால் எனக்கு கீழ்நாட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹாஸ்டல் கிடைத்தது. (கொடைக்காரர்களுக்கு வத்தலக்குண்டு தாண்டினால் எல்லாமே கீழ்நாடுதான்.) ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை என்ற கனவும் கிடைத்தது. ஆனால் கபடியில் எடைக்கு வரம்பு உண்டு. பெரியவர்கள் பிரிவில் பெண்கள் 75 கிலோவைத் தாண்டக்கூடாது. நான் சாதாரணமாக இருந்தால் 79. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் நாலு கிலோவைக் கரைக்க வேண்டும். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மதுரை வெயிலில் ஓடியிருக்கிறேன். வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தராசில் ஏறி இறங்கின பிறகுதான் குடித்திருக்கிறேன். அப்படி ஓர் எடை பார்ப்புக்கு மறுநாள், 2018 பொங்கல் சமயம், ஒருத்தியைப் பிடித்தபடி திரும்பியபோது முழங்காலுக்குள் கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. லிகமெண்ட். அறுவை சிகிச்சைக்குக் கேட்ட தொகையைக் கேட்டு அப்பா, “பாப்பா, கொஞ்ச நாள் மருந்து போட்டுப் பாப்பமா?” என்றார். ஊருக்கு வந்துவிட்டேன்.

இனி அவருடைய கதை.

தெருனோஃபுஜியின் பிறந்த பெயர் கான்துல்கா. 1991-ல் மங்கோலியாவின் உலான்பாதரில் பிறந்தவர். 2010-ல் ஜப்பானுக்குப் படிக்க வந்தார். தொத்தோரி என்ற ஊரில், சுமோவுக்குப் பேர்போன ஒரு மேல்நிலைப் பள்ளி. அடுத்த வருடமே தொழில்முறை சுமோவில் சேர்ந்துவிட்டார். சுமோவில் தனியாள் என்று யாரும் கிடையாது. ஏதாவது ஒரு ‘ஹேயா’வில், அதாவது ஆசானின் வீட்டில், தங்கித்தான் ஆட வேண்டும். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம், அங்கேயே பயிற்சி. ஒரு ஹேயாவுக்கு ஒரு வெளிநாட்டவர்தான். இவர் முதலில் சேர்ந்த ஹேயா 2013-ல் மூடப்பட்டது. பிறகு இசெகஹாமா என்ற ஹேயாவுக்குப் போனார். அங்கே ஆசானாக இருந்தவர் அசாஹிஃபுஜி, 63-வது யோகோசுனா.

இந்த விளையாட்டின் விதிகளைக் குழந்தைக்குக்கூட அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். களிமண் மேடையில் வைக்கோல் பிரியால் ஒரு வட்டம், குறுக்களவு 4.55 மீட்டர். வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலோ, உள்ளங்காலைத் தவிர உடம்பின் வேறு எந்தப் பாகம் மண்ணைத் தொட்டாலோ தோல்வி. பெரும்பாலான ஆட்டங்கள் சில விநாடிகளில் முடிந்துவிடும். எடைப் பிரிவு கிடையாது. நூறு கிலோக்காரரும் இருநூறு கிலோக்காரரும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். இதைப் படித்த அன்றைக்கு நான் எழுந்து நடமாடிவிட்டு வந்து திரும்பப் படித்தேன்.

விதிதான் எளிது, வாழ்க்கை அப்படியில்லை. மொத்தம் 6 பிரிவுகள், ஏறத்தாழ 600 மல்லர்கள். மேலே உள்ள இரண்டு பிரிவுகளில், 42-ம் 28-மாக, 70 பேருக்கு மட்டும் மாதச் சம்பளம். இரண்டாவது பிரிவான ஜூரியோவில் இருப்பவருக்கே மாதம் சுமார் 11 லட்சம் யென். அதற்கு ஒரு படி கீழே, மகுஷிடாவில் இருப்பவருக்குச் சம்பளமே கிடையாது. போட்டிக்குப் போட்டி ஏதோ படிக்காசு தருவார்கள், அவ்வளவுதான். மேலே இருப்பவருக்குப் பயிற்சியில் வெள்ளைத் துணி, கீழே இருப்பவருக்குக் கறுப்புத் துணி. மேலே இருப்பவருக்குப் பணிவிடை செய்யக் கீழே இருப்பவர்கள். மேலே இருப்பவர் முதலில் குளித்துச் சாப்பிடுவார். விடியற்காலையில் எழுந்து பெருக்கி, வெறும் வயிற்றில் பயிற்சி செய்து, சமைத்துப் பரிமாறிய சின்னப் பையன்கள் கடைசியில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவார்கள். குளிர்காலத்திலும் அவர்களுக்கு மெல்லிய பருத்தி அங்கியும் மரக்கட்டைச் செருப்பும்தான். கொடைக்கானலில் டிசம்பர் விடியலில் கோலம் போட்ட யாருக்கும் அது எப்படிப்பட்ட குளிர் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்கள் அந்தத் துணியைப் பார்த்ததும் “கோவணம் கட்டிக்கிட்டு மோதுறானுங்க” என்று சிரிப்பார்கள். என் அத்தையும் சிரித்தார். மேல்பிரிவுக்காரர் போட்டியில் கட்டும் மவாஷி பட்டு. விரித்தால் ஒன்பது மீட்டர் வரை வரும், நாலாக மடித்து இடுப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலையைவிட நீளம். இதைச் சொன்ன பிறகும் அத்தை சிரித்தார்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரு தாள். ‘பன்சுகே’ என்று பெயர். வருடத்துக்கு ஆறு பெரிய போட்டி. டோக்கியோவில் மூன்று, ஒசாகா, நகோயா, ஃபுகுவோகாவில் ஒவ்வொன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எல்லா மல்லர்களின் பெயரையும் தர வரிசைப்படி ஒரே தாளில் வெளியிடுவார்கள். நடுவர்களில் ஒருவர் தூரிகையால் கையாலேயே எழுதுவது. மேல் வரிசையில் எழுத்துகள் தடித்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கீழே வர வர மெலியும். கடைசிப் பிரிவில் மயிரிழை. அந்தக் கடைசிக்காரர்களுக்கு ஜப்பானியரிடையே வழங்கும் செல்லப்பெயர் ‘பூதக்கண்ணாடி’. அது இல்லாமல் அவர்களுடைய பெயரைப் படிக்க முடியாது என்பதால்.

மேல்பிரிவில் 15 நாளில் 15 ஆட்டம். எட்டு ஜெயித்தால் அடுத்த தாளில் ஏறலாம். ஏழு ஜெயித்தால் இறங்க வேண்டும். காயம் பட்டு வரவில்லையா, அதுவும் தோல்விக் கணக்கில்தான். போன வருடம் என்ன செய்தாய் என்று அந்தத் தாள் கேட்காது. எங்கள் பக்கம் டீக்கடையில் ஒருவர் இருக்கிறார், இருபது வருடத்துக்கு முன்னால் மாநிலப் போட்டி ஆடியவர். இன்றைக்கும் ‘ஸ்டேட் ப்ளேயர்’ என்றால் அவர்தான். அவர் ஜப்பானில் பிறக்காதது அவருக்கு நல்லது.

2015 மே மாதம், 23 வயதில், தெருனோஃபுஜி முதல் கோப்பையை வென்றார். உடனே ஓசெகி ஆக்கினார்கள். அந்தச் சமயத்து ஆட்டங்களைப் பிற்பாடு தேடிப் பார்த்தேன். விளிம்புக்குத் தள்ளப்பட்டுச் சாயும் நிலையிலும் எதிராளியின் இரண்டு கைகளையும் வெளியிலிருந்து வளைத்துப் பூட்டி, அந்தப் பெரிய உடம்பை அப்படியே நகர்த்திக்கொண்டு போய் வெளியே வைப்பார். பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கும். முட்டியை இழந்தவர்கள் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அதே வருடம் செப்டம்பரில் வலது முழங்கால் போயிற்று. பிறகு இடது. அப்புறம் சர்க்கரை, ஹெபடைடிஸ், சிறுநீரகக் கல். 2017 செப்டம்பர் போட்டியோடு ஓசெகி பட்டம் பறிபோனது. 2018-ல் ஜூரியோவுக்கு இறங்கி, ஒரு போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல், சம்பளம் இல்லாத பிரிவுக்கு விழுந்தார். இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. நான்கு போட்டிகளுக்கு வரவேயில்லை. தாள் மட்டும் ஒவ்வொரு இரண்டு மாதமும் வந்துகொண்டிருந்தது. அவருடைய பெயர் ஒவ்வொரு தாளிலும் மெலிந்துகொண்டே போனது.

ஆசானிடம் விலகிவிடுகிறேன் என்று பலமுறை கேட்டிருக்கிறார். முதலில் உடம்பைச் சரிசெய், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். ஓசெகியாக இருந்தவர் கீழ்ப்பிரிவில் ஆடுவது வழக்கமே இல்லை. பட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற, அதற்கு முன்பே கொண்டையை வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 2019 மார்ச்சில் தெருனோஃபுஜி திரும்பி வந்தபோது அவர் இருந்த இடம் ஜோனிதான் 48. கீழேயிருந்து இரண்டாவது பிரிவு. ஓசெகியாக இருந்த ஒருவர் அவ்வளவு கீழே வந்து ஆடியது சுமோ வரலாற்றிலேயே அதுதான் முதல்முறை.

ஜோனிதான் ஆட்டங்கள் காலையில் நடக்கும். அரங்கத்தில் கூட்டம் இருக்காது, பெரும்பாலும் காலி இருக்கைகள். கறுப்புப் பருத்தித் துணி. எதிரே பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். அந்த வீடியோவில் தெருனோஃபுஜியின் தொடை சூம்பியிருந்தது. என் வலது தொடையும் அப்படித்தான் சூம்பியிருந்தது, இடது தொடைக்குப் பக்கத்தில் வைத்தால் வேறு யாருடையதோ மாதிரி. கீழ்ப்பிரிவில் ஏழு ஆட்டம்தான். ஏழையும் ஜெயித்தார். அதேபோல ஏழும் ஜெயித்திருந்த ரோகா என்ற இளைஞரிடம் கடைசியில் நடந்த கோப்பைக்கான ஆட்டத்தில் தோற்றார். நம் சினிமாவாக இருந்தால் அந்தத் தோல்வியை வெட்டியிருப்பார்கள்.

அப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஒருநாள் ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

“என்ன பாப்பா இது?”

“சுமோப்பா.”

“சுமையா?”

“சுமோ. ஜப்பான்காரங்க மல்லுக்கட்டுறது.”

“எம்புட்டு இருப்பான்?”

“நூத்தி எழுபது கிலோவுக்கு மேல.”

“மூட்டைக்கு அறுபதுன்னா மூணு மூட்டை.” எடையைக் கேட்டதும் அப்பா மனசுக்குள் தூக்கிப் பார்த்துவிடுவார். கொஞ்சநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு திரையில் விரலை வைத்து, “காலைப் பாத்தியா? தூக்கவே மாட்டேங்குறான்” என்றார்.

எனக்கு அது வரைக்கும் கண்ணில் படவில்லை. சுமோவில் அதற்குத் தனிப் பயிற்சியே இருக்கிறது, ‘சுரியாஷி’ என்று பெயர். இடுப்பைத் தாழ்த்தி, உள்ளங்காலை மண்ணைவிட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்வது. அப்பா முப்பது வருடமாக அதைத்தான் செய்திருக்கிறார். படிக்கட்டு மாதிரி இறங்கும் தோட்டங்களிலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமக்கும்போது, மழையில் ஊறிய சரிவில், காலைத் தூக்கி வைத்தால் போச்சு. தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் அறுபது கிலோ, கட்டைவிரல் முதலில் மண்ணைத் தடவிப் பார்க்கும். எங்கள் மலையே ஒருகாலத்தில் இப்படித்தான் மேலே வந்தது. 1845 வாக்கில் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கியதிலிருந்து காட் ரோடு வரும்வரை துரைமார், துரைசானிகள், அவர்களுடைய பெட்டி, படுக்கை, எல்லாமே பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஆள் தோளில்தான் ஏறின. அந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர். அந்தப் பழைய தடத்தில் இருக்கும் வெள்ளகவிக்கு ரோடில்லாத காலம் முழுக்க, நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள்.

அந்த ராத்திரி அப்பா இன்னொன்றும் சொன்னார். “முட்டி போனவன் பின்னால போகக் கூடாது. பின்னால போனா முட்டி தாங்காது. முன்னாலயேதான் போகணும்.” 2020-ல் தெருனோஃபுஜியின் ஆட்டம் மாறியிருந்ததைப் பற்றி வர்ணனையாளர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதேதான். விளிம்பில் நின்று பலத்தைக் காட்டும் பழைய ஆட்டம் இல்லை. எழுந்த கணத்திலேயே இடுப்பைத் தாழ்த்தி, மவாஷியைப் பிடித்து, முன்னால் நகர்வது.

மே மாதப் போட்டி கொரோனாவால் ரத்தாகியிருந்தது. அந்த மே மாதத்தில்தான் ஷோபுஷி என்ற 28 வயது மல்லர் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பிரிவுக்காரர், சர்க்கரை நோய் இருந்தவர். பல வருடம் ஆடியும் சம்பளப் பிரிவைத் தொடாதவர். உலகம் முழுக்கச் செய்தி போட்டார்கள். அவருடைய பெயர் தடித்த எழுத்தில் வந்தது அப்போதுதான். ஜூலைப் போட்டியை நகோயாவில் நடத்தாமல் டோக்கியோவிலேயே நடத்தினார்கள். முகக்கவசம் போட்ட கொஞ்சம் பேரை மட்டும் தள்ளித் தள்ளி உட்காரவைத்திருந்தார்கள். கத்தக் கூடாது, கைதட்டலாம். அந்தக் கைதட்டலுக்கு நடுவே, கடைசி நாளில் மிதாகேயுமியை வெளியே தள்ளி, 13 வெற்றி 2 தோல்வியோடு தெருனோஃபுஜி கோப்பையை வாங்கினார். முதல் கோப்பைக்கும் இதற்கும் ஐந்து வருடம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுமோவில் ஜெயித்தவர் துள்ளக் கூடாது, தோற்றவர் முகம் சுளிக்கக் கூடாது. தொடையைத் தட்டித் தட்டியே வளர்ந்த எங்களுக்கு அது புரிய நாளாகும். நான் அழுதேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் முட்டியோடு வீட்டுக்கு வந்த வருடத்தில் அவர் சுமப்பதை நிறுத்தியிருந்தார். நிறுத்தினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் ஒரு வரிசை உண்டு, அது எந்தத் தாளிலும் இருக்காது. முதலில் சுமக்கிறவர். பிறகு சுமக்கிறவருக்குத் தூக்கிவிடுகிறவர். அதற்கும் கீழே, களத்தில் உட்கார்ந்து கோணி ஊசியால் மூட்டை வாயைத் தைக்கிறவர். சுமக்கிறவருக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. தைக்கிறவருக்கு நாள் கூலி, அதில் பாதிகூட வராது. வழக்கமாகத் தைப்பது சின்னப் பையன்களும் பெண்களும். அப்பா ஒருநாள் காலையில் போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊசியை எடுத்திருக்கிறார். அவர் தூக்கக் கற்றுக்கொடுத்த பையன்களே அவர் தைத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு வந்த அரிசி அந்த ஊசியில் வந்தது. முட்டியைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறோம்.

தெருனோஃபுஜிக்கு அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 2021 மார்ச்சில் மூன்றாவது கோப்பை, மறுபடியும் ஓசெகி. மே மாதம் இன்னொன்று. ஜூலையில் 14 வெற்றி, 1 தோல்வி. அதோடு 73-வது யோகோசுனா. ஜோனிதானிலிருந்து அங்கே போக இரண்டரை வருடம்கூட ஆகவில்லை.

யோகோசுனாவில் ஒரு வினோதம் இருக்கிறது. அங்கிருந்து கீழே இறக்க மாட்டார்கள். எத்தனை ஆட்டம் தோற்றாலும், எத்தனை போட்டிக்கு வராவிட்டாலும் தாளில் பெயர் மேலேயே இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இறங்க முடியாது என்றால் இறங்கி மறுபடி ஏறவும் முடியாது. யோகோசுனாவின் தரத்துக்கு ஆட முடியாத நாள் வந்தால் விலகுவது ஒன்றுதான் வழி. கீழேயிருந்து ஏறி வந்து பிழைத்த மனிதருக்கு, கீழே என்ற இடமே இல்லாத பட்டத்தைக் கொடுத்தார்கள். எனக்கு அதைப் படித்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. அதே முட்டிகளோடு அவர் ஒரு போட்டி ஆடுவார், இரண்டு போட்டிக்கு வர மாட்டார். வந்தால் கோப்பை. 2024 ஜூலையில் பத்தாவதை வாங்கினார். பத்து என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. 2025 ஜனவரிப் போட்டியின் நடுவில், 33 வயதில், போதும் என்றார்.

இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும் ஒரு விஷயம். நான் இவ்வளவு நேசிக்கும் அந்த மண்மேடையில் நான் கால் வைக்க முடியாது. தொழில்முறை சுமோவின் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது. ஒசாகாவின் ஆளுநராக ஃபுசாயே ஓத்தா என்ற பெண் இருந்தபோது, வழக்கமாக ஆளுநர் கொடுக்கும் பரிசை மேடையேறிக் கொடுக்க அவரை விடவில்லை. 2018 ஏப்ரலில் மைசுரு என்ற ஊரில் மேயர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். மருத்துவம் தெரிந்த பெண்கள் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் நடுவர் ‘பெண்கள் கீழே இறங்குங்கள்’ என்று அறிவிக்கிறார். சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். விதி மாறவில்லை. கருவறைக்குள் விடாததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தோழி சொன்னாள். ஆச்சரியம் இல்லைதான், கோபம் இருக்கிறது. கோபத்தோடும் பார்க்கலாம் என்பதுதான் என் நிலைமை.

பெண்களுக்கு அமெச்சூர் சுமோ உண்டு, உலகப் போட்டிகளும் உண்டு. இந்தியாவில் அந்தக் கதவைத் தட்டியவர் மும்பையின் ஹேதல் தவே. ஜூடோவிலிருந்து வந்தவர். இந்தியாவின் முதல் பெண் சுமோ வீராங்கனை என்று 2008-ல் லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. 2009-ல் தைவானின் காவோசியுங்கில் நடந்த உலக விளையாட்டுப் போட்டிகளில் ஐந்தாவது இடம். கூடப் பயிற்சி செய்யப் பெண்கள் இல்லை, ஆண்களோடுதான் மோதிப் பழகினார். அவர் வாழ்க்கையை வைத்து ‘சுமோ தீதி’ என்று ஒரு இந்திப் படம் வந்தது, 2023-ல் டோக்கியோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். நம் பக்கம் ‘சுமோ’ என்றே ஒரு தமிழ்ப் படம் 2025-ல் வந்தது. அதில் நடித்த யோஷினோரி தாஷிரோ நிஜ வாழ்க்கையிலும் தொழில்முறை மல்லராக இருந்தவர்தான். என்ன எழுதினாலும் நம் சினிமாவில் குண்டான உடம்பு வந்ததும் பின்னணியில் ஒரு ‘டொய்ங்’ வந்துவிடுகிறது. அந்த ‘டொய்ங்’கை ஏழாம் வகுப்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விலகின செய்தி வந்த அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன்.

“அந்த முட்டிக்காரன் நிறுத்திட்டாம்ப்பா.”

“இனி என்ன பண்ணுவான்?”

“வாத்தியாரா இருப்பான். அவங்க வாத்தியாரோட வீட்டையே இவன்தான் பாத்துக்கப் போறான்.” ஜப்பான் குடியுரிமை இருந்தால்தான் சங்கத்தில் ஆசானாக இருக்க முடியும். அதை அவர் 2021-லேயே வாங்கிவிட்டார். 2025 ஜூனில் இசெகஹாமா என்ற பட்டமும் ஹேயாவும் அவர் கைக்கு வந்தன.

“அப்ப உக்காந்து வேல” என்றார் அப்பா. திருப்தியாக இருந்தது அவருக்கு.

எனக்கும் உட்கார்ந்து வேலைதான், கொடையில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு. மாலையில் ஊருக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் எட்டுப் பேர். அதில் கார்னரில் நிற்கும் ஒருத்திக்கு அவளுடைய வயதுப் பிரிவின் வரம்பைவிட மூன்று கிலோ கூடுதல். உருளைக்கிழங்கு மண்டித் தராசில் நிறுத்திப் பார்த்தோம். போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. “அக்கா, ராத்திரி சோத்த நிறுத்திரவா?” என்று கேட்டாள். நிறுத்தாதே, இந்தப் போட்டி போனால் போகிறது, அடுத்த வருடம் வேறு பிரிவில் ஆடலாம் என்றேன். அவளுடைய அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். “நீ ஆடி முடிச்சவ, சொல்லுவ. இவளுக்கு சர்ட்டிபிகேட் வேணும்ல?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. சர்ட்டிபிகேட் வேண்டும்தான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ்ஸில் கீழே போனோம். தராசில் வரம்புக்கு நூறு கிராம் குறைவாக நின்றாள். இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் கண் இருட்டுகிறது என்று கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரெட்டும் வாழைப்பழமும் கொடுத்தேன். நாங்கள் நாலு புள்ளியில் தோற்றோம்.

நேற்று சாயங்காலம் மைதானத்துக்கு வந்தாள். மூடுபனி இறங்கி, எதிர்ப்பக்கக் கோடு தெரியவில்லை, ஆட முடியாது. அதனால் எல்லோரையும் நிற்கவைத்து ‘ஷிகோ’ செய்யச் சொன்னேன். சுமோக்காரர்கள் தினமும் நூற்றுக்கணக்கில் செய்வது. ஒரு காலில் நின்று, மற்றதைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, மெதுவாக இறக்கி, மண்ணை மிதித்து, இடுப்பைத் தாழ்த்த வேண்டும். ஒல்லிப் பிள்ளைகள் ஆறு ஏழிலேயே தள்ளாடி விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் இருபது வரை போனாள். நான் பதினொன்றில் நிறுத்திவிட்டேன், வலது முட்டி விடவில்லை.